எட்டுப் பேர், இரண்டு பலகை, ஒரு சீட்டு

வாசகர் கடிதம்

வணக்கம்.

பம்பலப்பிட்டியில் ஒரே வகுப்பில் படித்த எட்டுப் பேர் நாங்கள். பதினொரு வருடமாக மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஏதாவது ஒரு ஸ்டேக் ஹவுஸில் கூடிச் சாப்பிட்டு வருகிறோம். கடந்த வருடம் இரண்டு தடவைதான் கூட முடிந்தது. நாள் குறிப்பதற்கே வாட்ஸ்அப்பில் நூறு செய்தி போகிறது. எங்களில் இரண்டு பேர் இப்போது மாட்டிறைச்சி தொடுவதில்லை, ஒருவர் முஸ்லிம், இன்னொருவர் குடியை விட்டுவிட்டார். பில் வந்ததும் முகங்கள் மாறுகின்றன. போன முறை இறைச்சியும் செருப்புத் தோல் மாதிரி இருந்தது; மீடியம் ரெயார் (நடுவில் சிவப்பாக) கேட்டவருக்கும் வெல் டன் (முழுக்க வெந்தது) கேட்டவருக்கும் ஒரே மாதிரித்தான் வந்தது. வருகிற வருடம் ஒருவர் கனடா போகிறார். இதைத் தொடரலாமா, பேசாமல் கொத்து ரொட்டிக்கு மாறிவிடலாமா?

வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகர்

பதில்

அன்புள்ள நண்பருக்கு,

கொத்து ரொட்டிக்கு மாறினாலும் நாள் குறிக்க நூறு செய்தி போகத்தான் செய்யும். உங்கள் கடிதத்தில் இறைச்சிக்கு ஒரு வரி, மிச்சமெல்லாம் நாளும் ஆளும் காசும். நோய் எங்கே என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். ஆனாலும் இறைச்சியைச் சும்மா விடப்போவதில்லை, அதிலும் திருத்த நிறைய இருக்கிறது.

லண்டன் கொவன்ட் கார்டன் நாடக அரங்கில் 1735இல் ஜோன் ரிச் என்பவரும் சில சிநேகிதர்களும் ஸ்டேக் சாப்பிடுவதற்கென்றே ஒரு சங்கம் தொடங்கினார்கள். அது 1867 வரை ஓடியது. 132 வருடம்! உறுப்பினர் 24 பேர்தான். நவம்பர் முதல் ஜூன் வரை சனிக்கிழமை தோறும் கூடுவார்கள். ஸ்டேக், வெங்காயம், சுட்ட உருளைக்கிழங்கு, குடிக்க போர்ட் வைன் அல்லது போர்ட்டர் என்ற கறுப்பு பியர். வேறு மெனு கிடையாது. 1785இல் வேல்ஸ் இளவரசர் சேர்ந்தபோது எண்ணிக்கையை 25 ஆக்கினார்களே தவிர, நாளையோ சாப்பாட்டையோ தொடவில்லை. ஒவ்வொரு தடவையும் புதிதாகத் தீர்மானிக்க அவர்களுக்கு எதுவுமே இருக்கவில்லை. உங்கள் எட்டுப் பேருக்கோ நாள், இடம், மெனு, பில் என்று நாலும் ஒவ்வொரு முறையும் பூச்சியத்திலிருந்து தொடங்குகிறது.

முதலில் நாள். லண்டன்காரர் மாதிரி 'எப்போதும் சனி' என்று கொழும்பில் வைக்க முடியாது. வெள்ளிக்கிழமை சைவக்காரர் பலர் மச்சம் தொடமாட்டார்கள். புரட்டாதியில் சனியும் போய்விடும். நல்லூரில் கொடியேறினால் தேர், தீர்த்தம் முடியும் வரை வீட்டில் மச்சமே இல்லை என்ற குடும்பங்கள் வெள்ளவத்தையிலும் உண்டு. நவராத்திரி, கந்தசஷ்டி, நோன்பு மாதம், தவக்காலம் எல்லாவற்றுக்கும் மேலே போயா என்ற பௌர்ணமி விடுமுறை. வருடத்துக்குப் பன்னிரண்டு, சில வருடம் பதின்மூன்று. அன்றைக்கு மதுபானம் விற்க முடியாது, இறைச்சிக்கடையும் பூட்டு. 'ஒவ்வொரு காலாண்டிலும் மூன்றாவது வியாழன்' என்று அழகாக ஒரு சூத்திரம் போட்டாலும் ஏதாவது ஒரு வருடம் தைப்பொங்கலன்று போய் விழும்.

ஆகவே டிசம்பரில் ஒருநாள் எட்டுப் பேரும் அடுத்த வருடக் கலண்டரோடு உட்கார்ந்து நாலு திகதியையும் ஒரே மூச்சில் குறித்துவிடுங்கள். வியாழக்கிழமையில் மோதல் குறைவு. ஒவ்வொரு திகதிக்கும் மாற்றுத் திகதி அடுத்த வியாழன், அதற்கு மேல் கிடையாது. ஐந்து பேர் வந்தால் கூட்டம் நடக்கும் என்று எழுதிவையுங்கள். எட்டுப் பேரும் வந்தால்தான் என்று நிற்பது பாசம் மாதிரித் தெரியும். அந்தப் பாசத்தால்தான் கடந்த வருடம் இரண்டு விருந்து போனது.

அடுத்தது காசு. கையில் மருந்திருக்க ஊரெல்லாம் தேடுகிறோம். சீட்டுப் பிடிக்கத் தெரியாத கொழும்புத் தமிழர் உண்டா? ஆளுக்கு மாதம் 6,000 ரூபா என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டுப் பேருக்கு மூன்று மாதத்தில் 144,000. ஏலமும் கழிவும் கிடையாது, முழுத்தொகையும் மேசைக்கு. காசைப் பிடிப்பவர் வருடா வருடம் மாறட்டும், அது அவருடைய சொந்தச் செலவுக் கணக்கில் கலக்காமல் இருக்கட்டும். வராதவருக்குத் திருப்பிக் கொடுப்பதில்லை. இது கொடுமை என்று ஒருவராவது சொல்வார். திருப்பிக் கொடுக்கத் தொடங்கினால், மழை பெய்கிற வியாழன்களில் மூன்று பேருக்குக் காய்ச்சல் வரும்.

அந்த 144,000க்கு மெனு விலையில் எவ்வளவு சாப்பிடலாம்? இங்கேதான் முகங்கள் மாறுகின்றன. விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி போட்டிருந்தால் சேவைக் கட்டணமும் வரியும் வெளியே நிற்கின்றன என்று அர்த்தம். மெனு விலையில் 100,000 ரூபாவுக்குச் சாப்பிட்டால் பத்து வீத சேவைக் கட்டணத்தோடு 110,000. சமூகப் பாதுகாப்பு வரி 2.5 வீதத்தைத் தனியாகக் காட்டும் இடமென்றால் 112,750. அதற்கு மேல் 18 வீத வற். கடைசியில் 133,045. மெனுவைப் பார்க்கும்போதே மனதுக்குள் மூன்றில் ஒரு பங்கைக் கூட்டிக்கொண்டால் பில்லைப் பார்த்து யாரும் திடுக்கிடத் தேவையில்லை. உங்கள் சீட்டுக்கு ஒரு இலட்சம்தான் உச்சவரம்பு, மிஞ்சுவது பரிமாறியவர் கையில் கொடுக்கவும் வாகனத்துக்கும்.

குடிவகை சீட்டில் சேராது. குடிப்பவர்களுக்குத் தனி பில், அதுவும் முதல் கிளாஸ் வருவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். தொடக்கத்திலேயே இரண்டு பில்லாகத் திறப்பது அவர்களுக்கு ஒரு நிமிட வேலை. இரவு பதினொரு மணிக்கு, மூன்று பேர் எழும்பிப் போனபிறகு, ஒரே பில்லைப் பிரிக்கச் சொன்னால் பிழை வரத்தான் செய்யும், அதில் அவமானப்படுவது பெரும்பாலும் குடிக்காதவர்தான். வங்கிக் காட் கழிவை நம்பிப் போவதென்றால் முதலே கேளுங்கள்: எந்தக் கிழமையில், எத்தனை பேர் வரை, எவ்வளவு தொகை வரை, குடிவகைக்கும் உண்டா என்று. 'இருபத்தைந்து வீதம்' என்ற பெரிய எழுத்துக்குக் கீழே இந்த நாலும் சின்ன எழுத்தில் இருக்கும்.

இனி அந்தச் செருப்புத் தோல்.

நம் ஊர் மாடு பெரும்பாலும் பாலுக்கோ வேலைக்கோ இருந்து வயது போனபின் இறைச்சிக்கு வருவது. வயது ஏற ஏறத் தசையைக் கட்டிவைத்திருக்கும் கொலாஜன் இறுகிக்கொண்டே போகும். அதை இளக்க மணிக்கணக்கான ஈரச்சூடு வேண்டும், அதனால்தான் மாட்டிறைச்சிக் கறி ஒன்றரை மணி நேரம் அடுப்பில் கிடக்கிறது. பத்து நிமிட நெருப்பு அதற்குக் காணாது. ஆகவே மேசை பதியத் தொலைபேசி எடுக்கும்போதே கேளுங்கள்: இறைச்சி எந்த நாட்டது? குளிரூட்டியதா, உறையவைத்து உருக்கியதா? ஊசியால் குத்தியோ உப்புநீர் ஏற்றியோ மென்மையாக்கியதா? கடைசிக் கேள்விக்கு ஆமென்றால் ரெயார், மீடியம் ரெயார் எதுவும் கேட்காதீர்கள். முழுத்துண்டில் கிருமி மேற்பரப்பில்தான் இருக்கும், நெருப்புப் பட்டால் சரி. ஊசி அதை நடுவுக்குக் கொண்டுபோய்விடும்.

எல்லோருக்கும் ஒரே பதத்தில் வந்ததற்குக் காரணம் இறைச்சியில் இல்லை என்று நினைக்கிறேன். இரண்டு சந்தேகம். ஒன்று, சீறிக்கொண்டு வரும் அந்த இரும்புத் தட்டு. பார்க்க நல்ல வேடிக்கை. ஆனால் அது மேசைக்கு வந்திருக்கும் ஒரு அடுப்பு. மீடியம் ரெயார் என்றால் துண்டின் நடுவில் 54 முதல் 57 பாகை செல்சியஸ், மீடியம் 60 முதல் 63, வெல் டன் 71க்கு மேல். நெருப்பிலிருந்து எடுத்தபின்பும் உள்ளே மூன்று, நாலு பாகை தானாக ஏறும். அதைப் புகைகிற இரும்பில் வைத்து, படம் எடுத்து, எல்லோருக்கும் வரட்டும் என்று பத்து நிமிடம் மரியாதைக்குக் காத்திருந்தால் ரெயார் கேட்டவருக்கும் சாம்பல் நிறம்தான். மேலே ஊற்றிய மிளகு சோஸ் கொதித்துத் தெறிக்கும், வறுத்தெடுத்த மேல்தோல் ஊறிப் பஞ்சாகும். சாதாரணச் சூட்டுத் தட்டில் தரச் சொல்லுங்கள், சோஸ் தனிக் கிண்ணத்தில். இரும்புத் தட்டு வந்தே விட்டதென்றால் துண்டைத் தூக்கி உருளைக்கிழங்கின் மேல் வைத்துவிடுங்கள்.

மற்றது, எட்டுப் பேர் எட்டு விதமாகக் கேட்பது. வெவ்வேறு தடிப்பில், வெவ்வேறு பதத்தில் எட்டுத் துண்டும் ஒரே நிமிடத்தில் வரவேண்டுமென்றால் முதலில் வெந்தது வெப்ப விளக்கின் கீழே நின்று மேலும் வேகும். தனித்தனித் துண்டை விட்டுவிடுங்கள். நியூயோர்க் புரூக்ளினில் 1887இலிருந்து இருக்கும் பீட்டர் லூகர் கடையில் போர்ட்டர்ஹவுஸை (எலும்போடு வரும் பெரிய ஸ்டேக் துண்டு) இரண்டு பேருக்கு, மூன்று பேருக்கு என்றுதான் கேட்பார்கள். வெட்டியே வரும், எல்லோரும் எடுத்துக்கொள்வார்கள். சோற்றுச் சட்டியை நடுவில் வைத்துச் சாப்பிட்டுப் பழகிய நமக்கு இது ஒன்றும் புதிதில்லை.

உங்களில் மாடு சாப்பிடுவோர் ஆறு பேர். எலும்பில்லாமல் பச்சையாக ஆளுக்கு 250 கிராம் என்றால் ஒன்றரைக் கிலோ. வேகும்போது ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு எடை குறையும், மெனுவில் இருப்பதோ வேகமுன் எடை. டோமஹோக், டீ-போன் மாதிரி எலும்போடு வரும் துண்டு எடுத்தால் அந்தக் கணக்கில் எலும்பும் சேர்ந்திருக்கும். நீண்ட எலும்புக்குக் காசு கொடுப்பது படத்துக்காகத்தான். எலும்பில்லாத ரிப்-ஐ (விலாப்பகுதி இறைச்சி) முழுத்துண்டாக, மூன்றரை, நாலு சென்டிமீட்டர் தடிப்பில் கேளுங்கள். இரண்டு பலகை: ஒன்று மீடியம் ரெயார், மற்றது மீடியம் வெல் (மீடியத்துக்கும் வெல் டனுக்கும் இடையில்). குறைந்தது ஐந்து நிமிடம் ஆறவிட்டு, இழைக்குக் குறுக்கே ஒரு சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டச் சொல்லுங்கள். இழையோடு வெட்டினால் நல்ல இறைச்சியும் கயிறு மாதிரித்தான் இருக்கும். வந்ததும் நடுத்துண்டை எடுத்துப் பாருங்கள், ஓரம் எப்போதும் பொய் சொல்லும். வேகாவிட்டால் திருப்பி அனுப்பலாம், கூடிவிட்டதைக் குறைக்க எந்தச் சமையல்காரராலும் முடியாது.

'இரத்தம் தெரியக்கூடாது' என்று கேட்கும் நண்பரிடம் ஒன்று சொல்லுங்கள். அது இரத்தம் இல்லை, தசையில் இருக்கும் மயோகுளோபின் என்ற சிவப்புப் புரதம் கலந்த நீர். சொன்ன பிறகும் அவருக்கு வெல் டன்தான் வேண்டுமென்றால் கேலி செய்யாதீர்கள், டெண்டர்லோயினை (முதுகெலும்போரத்து மெதுவான தசை) விட்டு ரிப்-ஐ கொடுங்கள். நம் ஆட்கள் வழமையாக மாறிச் செய்கிறார்கள்: நன்றாக வேகட்டும் என்பவர், விலை கூடினால் மெதுவாக இருக்கும் என்று டெண்டர்லோயின் எடுப்பார். அதில் கொழுப்புக் குறைவு, 70 பாகையில் வரண்டு சுண்ணாம்பாகிவிடும். ரிப்-ஐயின் ஊடுகொழுப்புக்கு அந்தச் சூடு பிடிக்கும்.

மாடு தொடாத இருவருக்கும் 'கோழி ஏதாவது' என்று ஒதுக்கிவிட வேண்டாம். அறக்குளா மீன் தடித்த துண்டு, பெரிய இறால் என்று விலையிலும் ஸ்டேக்குக்குக் கிட்ட நிற்கிறதை எடுங்கள், சீட்டில் சமபங்கு போட்டவர்கள் அவர்கள். அதே கம்பியில்தான் மாடும் வாட்டுவார்கள். தனிச் சட்டியில் சமைக்க முடியுமா என்று முதல்நாளே கேளுங்கள். மேசையில் வைத்துக் கேட்டால் 'ஓம்' என்ற பதில்தான் வரும், எல்லா மேசைக்கும் வருகிற ஓம். உருளைக்கிழங்கை மாட்டுக்கொழுப்பில் பொரிப்பவர்களும் உண்டு, அதையும் கேளுங்கள். முஸ்லிம் நண்பர் விஷயத்தில் இறைச்சி ஹலால் என்பதும் சமையலறை ஹலால் என்பதும் வேறு வேறு. மிளகு சோஸில் பிரண்டியும் காளான் சோஸில் வைனும் ஊற்றுவது வழமை. எது வரை பரவாயில்லை என்பதை அவரிடம் தனியாகக் கேளுங்கள். குழுவில் கேட்டால் மற்றவர்களுக்குச் சிரமம் வேண்டாமென்று எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிடுவார்.

கனடா போகிறவருடைய இடத்தை உடனே நிரப்பாதீர்கள். ஏழு பேருக்குச் சீட்டைத் திருத்திக்கொள்ளுங்கள். அவர் வரும்போது உங்கள் நாலு திகதியில் ஒன்று அகப்பட்டால் வரட்டும், அவருக்காக ஐந்தாவது திகதி வேண்டாம். முக்கியமாக, 'வெளிநாட்டிலிருந்து வந்தவர்தானே, அவர் கொடுக்கட்டும்' என்று ஒருதடவைகூட விடாதீர்கள். முதல் தடவை சந்தோஷமாகக் கொடுப்பார், இரண்டாவது தடவை கொழும்புக்கு வந்ததையே சொல்லமாட்டார். அன்றைய பங்கை மட்டும் வாங்குங்கள். மேலே உள்ள கணக்கின்படி சாப்பாடு, வரி எல்லாம் சேர்த்து ஆளுக்கு 17,000 ரூபாவுக்குள் வரும்.