பெரிய நாய், பெரிய வருத்தம்: கேட்டதும் சொன்னதும்

என்ரை நாய் கறுவலுக்கு உண்ணிக் காய்ச்சல் வந்ததைப் பற்றி எழுதினதிலையிருந்து ஒரே கேள்விதான். தெரியாதவைக்கு: யாழ்ப்பாணம் கோண்டாவிலிலை வீட்டைப் பூட்டிப்போட்டு வெளிநாடு போனவை விட்டிட்டுப் போன அல்சேஷன். என்னட்டை வரேக்கை 21 கிலோ, இப்ப 33. நான் மிருக வைத்தியர் இல்லை, ஒருத்தரிட்டை இருபது வருசம் உதவிக்கு நிண்டனான்.

*அக்கா, உண்ணிக் காய்ச்சல் எண்டு எப்பிடிப் பிடிச்சனீங்கள்?*

பல் முரசிலை. சோத்தை மணந்துபோட்டுத் திரும்பிப் படுத்திட்டான். உதட்டைத் தூக்கிப் பாத்தால் முரசு சுண்ணாம்பு மாதிரி. வயித்திலை ஊசிமுனையளவு சிவப்புப் புள்ளியள், அடுத்தநாள் மூக்காலை ரத்தம். எர்லிக்கியா எண்ட கிருமி ரத்தத்தை உறைய வைக்கிற தட்டுக்களைக் குறைச்சுப் போடும். பேபீசியா எண்டது செங்குருதியணுக்களை உடைக்கும், அதுக்கு மருந்து வேறை. ரெண்டும் உண்ணியாலைதான் வரும், சிலவேளை சேந்தும் வரும். அதாலை ரத்தம் சோதிச்சுத்தான் மருந்து.

கறுவலுக்கு எர்லிக்கியா, டொக்சிசைக்ளின் எண்ட குளிசை 28 நாள். மூண்டாம் நாளே எழும்பி வாலாட்டும், கனபேர் அதோடை நிப்பாட்டிப்போடுவினம். நிப்பாட்டினால் கிருமி உள்ளுக்கை பதுங்கியிருந்து மாதக்கணக்கிலை கழிச்சு வரும். பாலோடை குடுக்காதேங்கோ, பாலிலை இருக்கிற கல்சியம் மருந்தைச் சேர விடாது. அவிச்ச சூரைத் துண்டுக்குள்ளை வைச்சுக் குடுத்தன். எங்கடை ராசா மீனை விழுங்கிப்போட்டுக் குளிசையைப் படியிலை துப்பி வைப்பார்.

*காய்ச்சலுக்கு அரைப் பனடோல் குடுக்கலாமோ?*

வேண்டாம். ஈரலையும் ரத்தத்தையும் கெடுக்கும். இபுபுரூஃபனும் வேண்டாம், வயிறு புண்ணாகும், சிறுநீரகமும் போகும்.

*மண்ணெண்ணெய் பூசினால் உண்ணி விழுமாம்?*

தோலும் வெந்து போகும். உண்ணி நாயிலை மட்டுமோ இருக்குது? சுவர் வெடிப்பு, கதவு நிலை, படுக்கிற சாக்கு எல்லாம் பாருங்கோ.

*சாப்பிட்டாப் பிறகு வயிறு ஊதிக் கல்லு மாதிரி. சத்தி எடுக்கப் பாக்குது, ஒண்டும் வரேல்லை.*

வாசிக்கிறதை விட்டிட்டு ஓட்டோ பிடியுங்கோ. இரைப்பை முறுக்கின மாதிரிக் கிடக்கு. நெஞ்சு ஆழமான பெரிய நாயளுக்கு வாறது, மணித்தியாலக் கணக்கிலை உயிர் போகும்.

*ரொறன்ரோவிலையிருந்து எழுதிறன். "விட்டிட்டுப் போனவை" எண்டு குத்திக்காட்டாதேங்கோ. நாங்கள் சித்தப்பாட்டைக் குடுத்திட்டுத்தான் வந்தனாங்கள்.*

உங்களைச் சொல்லேல்லைத் தம்பி. சித்தப்பாவுக்கு நாய் விருப்பமோ எண்டு கேட்டனீங்களோ?

*95 இலை சண்டைக்குள்ளை யாழ்ப்பாணத்தை விட்டு ஊரே வெளிக்கிடேக்கை ஆர் அக்கா நாயைக் கொண்டு போனது?*

ஒருத்தரும் இல்லை, நாங்களும் இல்லை. 95 ஒக்டோபர் 30, மழை. அவிட்டு விட்டிட்டுச் சாவகச்சேரிக்கு நடந்தம். செம்மணி மட்டும் பின்னாலை வந்துது, பேந்து சனத்துக்குள்ளை காணேல்லை. அண்டைக்கு வழியில்லை. இப்ப விசா, டிக்கெற் எல்லாம் மாதக்கணக்கிலை முதலே தெரியுது. நாய்க்கு ஒரு வீடு பாக்க அது காணாதோ?

*சித்தப்பாவைக் கேட்டனான் அக்கா. நாய் செத்து ரெண்டு வருசமாம். எனக்குச் சொல்லேல்லை.*

ஐயோ தம்பி. நான் அப்பிடிக் கேட்டிருக்கக்கூடாது.

*பிள்ளையளின்ரை பனடோல் பாணி எண்டால் பரவாயில்லையோ?*

மேலை வாசியுங்கோ.

*பின்னங்கால் இழுபடுது, எட்டு வயசு. இடுப்பு மூட்டோ?*

இருக்கலாம், முதுகெலும்பாயும் இருக்கலாம். எக்ஸ்ரே எடுங்கோ. இஞ்சை முடியாட்டில் பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்தியசாலைக்கு எழுதித் தரச் சொல்லுங்கோ. அதுமட்டும் வழுக்கிற மாபிளிலை விடாமல் சாக்கு விரியுங்கோ, நிறை ஏற விடாதேங்கோ. மூட்டுக்கு ஒவ்வொரு கிலோவும் பாரம். கறுவலுக்கு நான் துவாயை வயித்துக்குக் கீழாலை போட்டுத் தூக்கித்தான் முற்றத்துக்கு இறக்கிறன்.

*அக்கா, பூனைக்குப் பனடோல்?*

ஒரு குளிசையே காணும் சாக. பெட்டியை அலுமாரிக்கு மேலை வையுங்கோ.