கேரள எல்லையில் பல மொழிக் கிராமங்களைச் சுற்றிப் பார்க்க நல்ல இடம் எது?

காசர்கோடு. வேலை மாற்றலில் அங்கே இரண்டரை வருஷம் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஏதாவது ஒரு பஸ்ஸில் ஏறி கடைசி நிறுத்தம் வரை போய்விட்டு வருவதுதான் எனக்குப் பொழுதுபோக்கு, அதனால் கொஞ்சம் உரிமையோடு சொல்கிறேன்.

வருகிறவர்களில் பெரும்பாலானவர்கள் பேக்கல் கோட்டையில் நாலு போட்டோ எடுத்துக்கொண்டு அப்படியே மங்களூருக்கு ரயில் ஏறிவிடுகிறார்கள். கோட்டை நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அதற்கு அரை நாள் போதும். நீங்கள் கேட்கிற விஷயம் சந்திரகிரி ஆற்றைத் தாண்டினால்தான் ஆரம்பிக்கிறது. ஆற்றுக்குத் தெற்கே மலையாளம். வடக்கே போகப் போக துளு, கன்னடம், கொங்கணி, பியாரி, மராத்தி எல்லாம் கலந்து வரும். 1956 வரை இது மதராஸ் மாநிலத்தின் தென் கன்னட மாவட்டத்தில் இருந்த தாலுகா. மொழிவாரிப் பிரிவினையில் காசர்கோடு கேரளாவுக்குப் போக, மீதி மைசூர் மாநிலத்தோடு (இன்றைய கர்நாடகா) சேர்ந்தது. ஆற்றுக்கு வடக்கே உள்ளதை மைசூருக்கே கொடுக்கலாம் என்று எல்லைத் தகராறை விசாரித்த மகாஜன் கமிஷன் 1967இல் சொல்லியும் நடக்கவில்லை. மஞ்சேஸ்வரம் பக்கம் போர்டுகளில் மலையாளமும் கன்னடமும் சேர்ந்தே இருப்பதற்கு இதுதான் காரணம்.

எனக்குப் பிடித்தது மஞ்சேஸ்வரத்துக்கு உள்ளே, கர்நாடக எல்லையை ஒட்டி இருக்கும் பாயார், எண்மகஜே, படுரே பகுதி. ஹவ்யக பிராமணர்களின் பாக்குத் தோட்டங்கள், மரத்துக்கு மரம் மிளகுக்கொடி. அங்கே கேட்டுப் பார்க்க வேண்டியது 'சுரங்கம்'. நம் ஊரில் கீழே தோண்டுவதுதானே கிணறு, இவர்கள் செம்புரைக்கல் மலையில் படுக்கைவாட்டில் குடைந்துகொண்டே போகிறார்கள், ஒரு ஆள் நிமிர்ந்து நடக்கிற உயரம், தோள் இடிக்கிற அகலம். சிலதில் கொஞ்ச மீட்டரிலேயே தண்ணீர் கிடைத்துவிடும், சிலது நூறு மீட்டரையும் தாண்டிப் போகும். தோண்டும்போது உள்ளே மெழுகுவர்த்தி வைத்திருப்பார்களாம், அது அணைந்தால் காற்று இல்லை என்று அர்த்தம், உடனே வெளியே வந்துவிட வேண்டும். ஊறும் தண்ணீர் மோட்டார் எதுவும் இல்லாமல் தானாகவே தோட்டத்துக் குளத்துக்கு வந்து சேரும். எல்லாம் தனியார் தோட்டங்களுக்குள் இருப்பதால் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும். நான் கேட்ட இடத்தில் யாரும் மறுக்கவில்லை, மோர் வேறு கொடுத்தார்கள்.

ஒன்று சொல்லியாக வேண்டும். முந்திரித் தோட்டங்களில் இருபது வருஷத்துக்கு மேல் ஹெலிகாப்டரில் எண்டோசல்பான் என்ற பூச்சிக்கொல்லியைத் தெளித்ததும் இதே பகுதிகளில்தான், எண்மகஜே அதில் மோசமாகப் பாதிக்கப்பட்ட பஞ்சாயத்துகளில் ஒன்று. பாதிக்கப்பட்ட வீடுகளை 'பார்க்க' போகாதீர்கள். அப்படி கேமராவோடு வந்தவர்களை அவர்கள் நிறையப் பார்த்துவிட்டார்கள்.

தெற்கே நீலேஸ்வரம் பக்கம் போனால் வேறு உலகம். அக்டோபர் கடைசியிலிருந்து மே வரை ஏதாவது ஒரு கோயில் காவில் தெய்யம், அதாவது வேஷம் கட்டிச் சாமியாடும் சடங்கு, நடந்துகொண்டே இருக்கும். வடக்கே துளு கிராமங்களில் இதற்கு நெருங்கிய உறவான பூதக்கோலமும், இரவு முழுக்க ஆடும் யக்ஷகானமும் உண்டு. கிழக்கே வெள்ளரிக்குண்டு தாலுகா, ராஜபுரம், பாணத்தூர் எல்லாம் குடகு மலையடிவாரம். 1940களிலிருந்து திருவிதாங்கூரிலிருந்து வந்து குடியேறிய கிறிஸ்தவர்கள் நிறைய. ரப்பர், தேவாலயம், மரவள்ளிக் கப்பையும் மீன்குழம்பும். காலையில் மஞ்சேஸ்வரத்தில் நீர் தோசை சாப்பிட்டவருக்கு இதுவும் அதே மாவட்டம் என்று நம்பக் கஷ்டமாக இருக்கும்.

டிசம்பர், ஜனவரியில் போங்கள், குறைந்தது நாலு நாள் வேண்டும். ஜூன், ஜூலை மழையில் உள்ளே சுற்ற முடியாது. கார் வேண்டாம், பஸ்தான் சரி, கண்டக்டர் ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் மொழி மாற்றுவதைக் கேட்கவே ஏறலாம். ஆனால் திரும்பி வர கடைசி பஸ் எப்போது என்று இறங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். நான் கேட்கவில்லை. படுரேயில் இருட்டிய பிறகு நின்றிருந்தேன், ஒரு தோட்டக்காரர் ஜீப்பை நிறுத்தி "இல்ல் ஒல்ப?" என்று துளுவில் கேட்டார். பஸ் இல்லை என்கிறார் போலிருக்கிறது என்று நானும் "ஆமாங்க, இல்லை, இல்லை" என்று தலையாட்டிக்கொண்டே இருந்தேன். துளுவில் 'இல்ல்' என்றால் வீடு. மனுஷர் வீடு எங்கே என்றுதான் கேட்டிருக்கிறார்.