சின்ன காருக்கு டயரில் எவ்வளவு காற்று வைத்தால் மைலேஜ் கிடைக்கும்? – கேள்வி பதில்

டயர் காற்றையும் மைலேஜையும் பற்றி வந்த கேள்விகளை இங்கே எடுத்துக்கொள்கிறேன். ஒரே மாதிரி இருந்தவற்றை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

சார், என் ஹேட்ச்பேக்குக்கு 30 வையுங்கள் என்கிறார் ஒருவர், 35 என்கிறார் இன்னொருவர். யார் சொல்வது சரி?

இரண்டு பேரையும் விட்டுவிடுங்கள். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து, கதவு வந்து மூடும் தூணைப் பாருங்கள். அங்கே ஒரு ஸ்டிக்கர் இருக்கும். சில கார்களில் அது பெட்ரோல் மூடியின் உட்பக்கம் ஒட்டப்பட்டிருக்கும். டயர் அளவும், முன் டயருக்கு எவ்வளவு, பின் டயருக்கு எவ்வளவு என்பதும் அதில் தனித்தனியாகப் போட்டிருக்கும். பல ஸ்டிக்கர்களில் ஆள் படமும் பெட்டிப் படமும் இருக்கும். இரண்டு பேர் போகும்போது ஒரு அளவு, முழு ஆளும் சாமானும் ஏற்றினால் வேறு அளவு என்று அர்த்தம். எண் 230 என்றோ 2.3 என்றோ இருந்தால் குழம்ப வேண்டாம். 230 கிலோபாஸ்கல், 2.3 பார், 33 பிஎஸ்ஐ மூன்றும் ஒரே காற்றழுத்தம்தான், அளக்கும் அலகுதான் வேறு. உங்களுக்குச் சொன்ன 30, 35 எல்லாம் பிஎஸ்ஐ கணக்கு.

டயரின் பக்கவாட்டிலேயே 44 பிஎஸ்ஐ என்று அச்சடித்திருக்கிறார்களே, அதை வைக்கக் கூடாதா?

அது அந்த டயருக்கான உச்ச வரம்பு. அதே டயர் எடை குறைந்த காரிலும் மாட்டப்படும், எடை கூடிய காரிலும் மாட்டப்படும். உங்கள் காரின் எடை டயர் செய்தவருக்குத் தெரியாது, கார் செய்தவருக்குத் தெரியும்.

காற்று குறைந்தால் பெட்ரோல் ஏன் அதிகம் செலவாகிறது? எஞ்சினுக்கும் டயர் காற்றுக்கும் என்ன சம்பந்தம்?

நல்ல கேள்வி. டயர் ரோட்டைத் தொடும் இடம் எப்போதும் கொஞ்சம் தட்டையாக அமுங்கியிருக்கும். சக்கரம் சுற்றச் சுற்ற, ரப்பரின் ஒவ்வொரு பகுதியும் அந்த இடத்துக்கு வந்து அமுங்கி, மேலே போய் மறுபடி நிமிர்கிறது. சின்ன கார் டயரின் சுற்றளவு சுமார் 1.8 மீட்டர். 60 கிலோமீட்டர் வேகத்தில் போனால் நொடிக்கு ஒன்பது தடவை இது நடக்கிறது, நான்கு டயரிலும். அமுக்குவதற்குக் கொடுத்த சக்தி முழுவதையும் ரப்பர் திருப்பித் தருவதில்லை. ஒரு பங்கைச் சூடாக மாற்றி வெளியே விட்டுவிடும். காற்று குறைந்த டயர் அதிகம் அமுங்கும், அதிகம் சூடாகும். நீண்ட தூரம் ஓட்டி நிறுத்தியதும் டயர்களின் பக்கவாட்டில் கை வைத்துப் பாருங்கள். காற்று நன்றாக இறங்கிய டயர் மற்றதைவிடச் சுடும். அந்தச் சூடு முழுக்க நீங்கள் போட்ட பெட்ரோல்தான்.

கணக்காகச் சொல்லுங்கள். 5 பிஎஸ்ஐ குறைந்தால் எவ்வளவு போகும்?

அமெரிக்க எரிசக்தித் துறை சொல்லும் கணக்கு இது: நான்கு டயரின் சராசரி 1 பிஎஸ்ஐ குறைந்தால் மைலேஜ் சுமார் 0.2 சதவீதம் குறையும். அப்படியானால் 5 பிஎஸ்ஐக்கு 1 சதவீதம். லிட்டருக்கு 20 கிலோமீட்டர் தரும் கார் 19.8 தரும். அவ்வளவுதான். காற்றைச் சரியாக வைப்பதால் சராசரியாக 0.6 சதவீதமும், மோசமாக இறங்கிக் கிடந்த டயர்களில் 3 சதவீதம் வரையும் மைலேஜ் கூடலாம் என்பதும் அவர்கள் கணக்கே. 'காற்றை ஏற்றினேன், லிட்டருக்கு மூன்று கிலோமீட்டர் கூடிவிட்டது' என்று யாராவது சொன்னால், சிரித்துக்கொண்டே கேட்டுக்கொள்ளுங்கள்.

அண்ணா, ஸ்டிக்கரில் 33 இருக்கிறது. நான் 40 வைத்து ஓட்டுகிறேன். ஸ்டியரிங் லேசாக இருக்கிறது, மைலேஜும் கூடியிருக்கிறது. இப்படியே விடலாமா?

வேண்டாம் தம்பி. 7 பிஎஸ்ஐ கூட்டியதற்கு மேலே சொன்ன கணக்கையே போட்டாலும் 1.4 சதவீதம்தான் வரும். உண்மையில் அவ்வளவுகூட வராது. குறைந்த காற்றைச் சரியான அளவுக்குக் கொண்டுவரும்போது கிடைக்கும் பலன், அதற்கு மேல் ஏற்ற ஏற்றச் சுருங்கிக்கொண்டே போகும்.

இந்தச் சின்ன லாபத்துக்கு நீங்கள் கொடுக்கும் விலையைப் பாருங்கள். ரோட்டைத் தொடும் பரப்பு குறைகிறது. ஈர ரோட்டில் பிரேக் அடிக்கும்போதுதான் அது தெரியவரும். எடை குறைந்த கார் மேடுபள்ளத்தில் துள்ளும், துள்ளும் டயருக்குப் பிடி இருக்காது. குழியில் விழுந்தால் டயர் அடியை வாங்கிக்கொள்ளாமல் ரிம்முக்கும் சஸ்பென்ஷனுக்கும் தள்ளிவிடும். டயரின் நடுப்பகுதி மட்டும் சீக்கிரம் தேயும். குறுக்கே விரலை ஓட்டிப் பாருங்கள். நடுவில் பள்ளங்களின் ஆழம் குறைந்து, ஓரங்களில் அப்படியே இருந்தால் காற்று அதிகம். இரண்டு ஓரமும் தேய்ந்து நடு நன்றாக இருந்தால் காற்று குறைவு. ஒரு ஓரம் மட்டும் தேய்ந்தால் அது வீல் அலைன்மென்ட், அதாவது சக்கரம் நிற்கும் கோணத்தின் விவகாரம். பெட்ரோலில் மிச்சம் பிடித்த காசு புது டயருக்குப் போய்விடும்.

ஸ்டிக்கர் அளவைவிட 1 அல்லது 2 கூட வைப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. நல்ல டயரிலும் மாதம் 1 பிஎஸ்ஐ அளவுக்குக் காற்று தானாக இறங்கும். அந்த இறக்கத்துக்கு ஈடாக இருக்கட்டும். அதற்கு மேல் போகாதீர்கள்.

அப்புறம், 'மைலேஜ் கூடியது' என்பதை எப்படிப் பார்த்தீர்கள்? டிஸ்பிளேயில் தெரியும் எண் போக்குவரத்து, ஏசி, எதிர்க்காற்று எல்லாவற்றுக்கும் ஆடும். டேங்க்கை நிரப்பி, ஓட்டி, மறுபடி நிரப்பிக் கணக்குப் போட்டாலும் 1 சதவீத வித்தியாசத்தைப் பிரித்துச் சொல்வது கஷ்டம்.

காலையில் 33 வைத்தேன். நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் போன பிறகு பார்த்தால் 38. கொஞ்சம் இறக்கிவிடவா?

தொடாதீர்கள். ஓடினால் டயர் சூடாகும், உள்ளே அழுத்தம் ஏறும். ஸ்டிக்கரில் உள்ள எண் குளிர்ந்த டயருக்கானது, இந்த ஏற்றத்தையும் எதிர்பார்த்துத்தான் அதைப் போட்டிருக்கிறார்கள். இப்போது இறக்கிவிட்டால் நாளைக் காலையில் 28ல் நிற்பீர்கள்.

குளிர்ந்த டயர் என்றால் எப்படி? காற்று பிடிக்கும் இடமே 4 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது.

மூன்று மணி நேரமாவது நின்றிருந்த கார், அல்லது ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் ஓடாத கார். உங்களுக்கு ஒரு வழி: காற்றழுத்தத்தை அளக்கும் ஒரு சின்ன கேஜ் சொந்தமாக வாங்கி வையுங்கள். கிளம்பும் முன் வீட்டிலேயே அளந்து, எவ்வளவு குறைகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஸ்டிக்கரில் 33, வீட்டில் 29 காட்டினால் குறை 4. அங்கே போய்ச் சேரும்போது டயர் சூடாகி 31 காட்டலாம். 33 போதும் என்று நிறுத்தாமல், 31க்கு மேல் 4 சேர்த்து 35 வையுங்கள். கேஜை வால்வில் நேராக அழுத்த வேண்டும். 'புஸ்' என்று சத்தம் தொடர்ந்து வந்தால் சாய்வாகப் பிடித்திருக்கிறீர்கள், அப்போது காட்டும் எண்ணை நம்ப முடியாது.

நைட்ரஜன் நிரப்பினால் மைலேஜ் கூடுமா?

சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். முழு நைட்ரஜன் கொஞ்சம் மெதுவாக இறங்கும், அது உண்மை. மாதம் ஒருமுறை பார்ப்பவருக்கு அதனால் பெரிய லாபம் இல்லை. சும்மா கிடைத்தால் நிரப்பிக்கொள்ளுங்கள்.

குளிர்காலத்தில் எல்லா டயரிலும் ஒரே மாதிரி இறங்குகிறது. பங்க்சரா?

பங்க்சர் நான்கு டயரிலும் ஒன்றாக வராது. வெப்பநிலை 5 அல்லது 6 டிகிரி செல்சியஸ் குறைந்தால் சுமார் 1 பிஎஸ்ஐ குறையும். பருவம் மாறும்போது ஒருமுறை அளந்து ஏற்றிவிடுங்கள்.

என் காரில் டயர் எச்சரிக்கை விளக்கு இருக்கிறது. அது எரியாதவரை சரிதானே?

சரி இல்லை. அமெரிக்க விதிப்படி, குறித்த அளவிலிருந்து 25 சதவீதம் குறைந்தால்தான் அந்த விளக்கு எரிந்தாக வேண்டும். 33 என்றால் சுமார் 25க்கு இறங்கும்வரை எரியாமலே இருக்கலாம். 27ல் மாதக்கணக்கில் ஓட்டினாலும் விளக்கு வாயைத் திறக்காது. சில கார்களில் டயருக்குள் சென்சார் கிடையாது. ஒரு சக்கரம் மற்றதைவிட வேகமாகச் சுற்றுகிறதா என்று பார்த்து ஊகிக்கும். நான்கிலும் சமமாக இறங்கினால் அதற்குத் தெரியாமலே போகலாம்.

ஒரே ஒரு டயரில் மட்டும் வாரம் 3 பிஎஸ்ஐ இறங்குகிறது. ஆணி எதுவும் தெரியவில்லை.

சோப்புத் தண்ணீரை முதலில் வால்வின் வாயில் விடுங்கள். அப்புறம் வால்வின் அடிப்பகுதி, ரிம்மும் டயரும் சேரும் ஓரம், கடைசியாக ரோட்டில் உருளும் பக்கம். சிறு குமிழி நின்று நிதானமாகப் பெரிதாகும் இடம்தான் ஓட்டை. வால்வின் உள்ளே இருக்கும் ஊசி தளர்ந்திருந்தால் இறுக்கினாலே போதும்.

ஸ்டெப்னிக்கு?

முழு அளவு டயர் என்றால், ஸ்டிக்கரில் உள்ள அளவுகளில் எது அதிகமோ அதை வையுங்கள். தேவைப்படும் இடத்தில் இறக்குவது சுலபம், ஏற்றுவதுதான் கஷ்டம். ஒல்லியான தற்காலிக டயர் என்றால் அதன் மேலேயே எழுதியிருக்கும், பெரும்பாலும் 60 பிஎஸ்ஐ.