குதிரை நிற்க மறுக்கிறது. சவாரியையும் மேம்படுத்த வேண்டும்: எங்கிருந்து தொடங்குவது?

அந்தியூர் சந்தையில் வாங்கிய நான்கு வயதுக் கத்தியவாரி இனக் குதிரை, ஓட்டத்தில் லகானை எவ்வளவு இழுத்தாலும் நிற்பதில்லை என்றும், வாயில் மாட்டும் இரும்பில் முள் வைத்த கடிவாளம் போடும்படி சிலர் சொல்கிறார்கள் என்றும், உங்கள் சவாரியையும் திருத்திக்கொள்ள வேண்டும் என்றும் திருமங்கலத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள். மதுரைப் பக்கம் குதிரை வளர்த்துப் பழக்குகிறவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

முள் கடிவாளத்தைத் தயவுசெய்து வாங்காதீர்கள். வண்டி இழுக்கும், பாரம் சுமக்கும் விலங்குகளின் வதையைத் தடுக்க 1965இல் கொண்டுவரப்பட்ட விதிகள் அதைத் தடை செய்திருக்கின்றன. சட்டம் இல்லாவிட்டாலும் நான் இதையே சொல்வேன். வாய் புண்ணான குதிரை வலியிலிருந்து தப்பிக்கத்தான் ஓடும். நிறுத்துவதற்காகப் போட்ட இரும்பே அதை விரட்டும்.

நீங்கள் கேட்ட இரண்டும் உண்மையில் ஒரே கேள்விதான். லகானிலோ காலிலோ நாம் கொடுக்கும் அழுத்தம் குதிரைக்கு ஒரு கேள்வி மட்டுமே. அது சரியாகச் செய்த அந்த நொடியில் அழுத்தம் விலகுவதுதான் விடை. நிற்க முயன்ற குதிரையின் வாயில் தொடர்ந்து இழுவை இருந்தால், நின்றும் பயனில்லை என்றே அது கற்றுக்கொள்கிறது. ஆனால் சேணத்தில் குலுங்கிக்கொண்டு, விழாமலிருக்க லகானையே பிடிமானமாக வைத்திருப்பவரால், எவ்வளவு நல்ல மனம் இருந்தாலும், உரிய நொடியில் கையைத் தளர்த்த முடியாது. ஆகவே குதிரையைப் பழக்கும் வேலை உங்கள் இருக்கையிலிருந்து தொடங்குகிறது.

பக்கவாட்டிலிருந்து பார்த்தால் காது, தோள், இடுப்பு, குதிகால் நான்கும் ஒரே செங்குத்துக் கோட்டில் இருக்க வேண்டும். பாதத்தின் முன்பகுதி அங்கவடியில் (சேணத்திலிருந்து தொங்கும் கால்வளையத்தில்) பதிய, குதிகால் சற்றே தாழ்ந்திருக்கட்டும். முழங்காலால் சேணத்தை இறுக்காதீர்கள், இறுக்கினால் உடல் மேலே தள்ளப்படும். அனுபவமுள்ள ஒருவர் நீண்ட கயிற்றில் குதிரையைச் சுமார் 20 மீட்டர் விட்டமுள்ள வட்டத்தில் சுற்றிவரச் செய்ய, நீங்கள் லகானைத் தொடாமல், பிறகு அங்கவடியையும் விட்டுவிட்டு அமர்ந்து பழகுங்கள். சமநிலையைக் கையிலிருந்து இடுப்புக்கு மாற்ற இதைவிட நல்ல பயிற்சியை நான் அறியேன். ஒரு முன்காலும் அதற்கு எதிர்ப்பக்கப் பின்காலும் ஜோடியாக விழும் ட்ராட் நடையில் ஒரு தாளத்துக்கு எழுந்து மறு தாளத்துக்கு அமரும் முறை உடலில் படிந்த பிறகு, உங்கள் கை தானாகவே அமைதியடையும்.

நிற்கக் கற்பிப்பதைத் தரையிலேயே ஆரம்பியுங்கள். கயிற்றைப் பிடித்து உடன் நடந்து, நீங்கள் நின்று, மெல்ல அழுத்தம் கொடுங்கள். குதிரை நின்றதும், அல்லது ஓரடி பின்வாங்கியதும், உடனே தளர்த்துங்கள். மேலே ஏறிய பின் வரிசை இதுதான்: மூச்சை வெளியே விட்டு, முதுகை நிமிர்த்தி, நடையோடு அசைந்துகொண்டிருந்த இடுப்பை நிறுத்துங்கள், அதற்குப் பிறகே லகான். முதலில் சாதாரண நடையில், அது லேசான கைக்கே நிற்கத் தொடங்கிய பிறகு ட்ராட்டில். மீறி ஓடினால் இரண்டு பக்கமும் சேர்த்து இழுக்காமல், ஒரு பக்க லகானால் பெரிய வட்டத்துக்குத் திருப்பி, வட்டத்தைப் படிப்படியாகக் குறுக்குங்கள். வேகத்தில் சட்டென ஒடித்துத் திருப்பினால் குதிரை சரிந்து விழக்கூடும்.

இதற்கெல்லாம் முன்பு கால்நடை மருத்துவரிடம் பற்களையும் முதுகையும் காட்டிவிடுங்கள். கடைவாய்ப் பல்லின் கூர்விளிம்பு கன்னத்தைக் கிழித்தாலும், சேணம் முதுகெலும்பில் அழுத்தினாலும், எந்தப் பயிற்சியும் பலிக்காது.

தீவனத்தையும் பாருங்கள். நாள் முழுவதும் கட்டிவைத்துக் கொள்ளு தானியத்தை அள்ளிக் கொடுத்துவிட்டு, மாலையில் ஏறினால் அது துள்ளத்தான் செய்யும். வேலைக்கு ஏற்ற அளவே கொள்ளு, வயிறு நிறையப் புல். பாண்டிய நாட்டில் இறக்குமதிக் குதிரைகளுக்குச் சோற்றோடு இறைச்சி கொடுத்ததையும், பராமரிக்கத் தெரிந்தவர் இல்லாமல் அவை மடிந்ததையும் 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கு வந்த மார்க்கோ போலோ பதிவு செய்திருக்கிறார். அத்தனை பொன் கொடுத்து வாங்கிய குதிரைகள் அறியாமையால் செத்தன என்பது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது.

சித்திரை, வைகாசி வெயிலில் விடியற்காலையில் மட்டும் ஏறுங்கள். இளங்குதிரைக்கு அரை மணி நேரப் பயிற்சி போதும். உங்கள் பக்கத்துக் கரிசல் நிலம் கோடையில் பாளம் பாளமாக வெடித்திருக்கும்; அந்த வெடிப்பில் குளம்பு சிக்கினால் கால் முறியும். ஆகவே மணற்பாங்கான, சமமான இடத்தைத் தேர்ந்தெடுங்கள். ட்ராட்டில் தளர்ந்த லகானோடு, நீங்கள் கேட்ட இடத்தில் நிற்கும் வரை, அதைவிட வேகமான கேண்டர் ஓட்டத்துக்குப் போக வேண்டாம். அதுவரை நான்கு வழிச்சாலைப் பக்கம் குதிரையைக் கொண்டுபோகவும் வேண்டாம்.