டாலர் வருமானத்துக்கு இ.இ.எஃப்.சி. கணக்கு தேவையா?

இ.இ.எஃப்.சி. என்பது வரும் டாலரை ரூபாயாக்காமல் டாலராகவே வைத்திருக்கும் வங்கிக் கணக்கு. டாலரிலேயே செலவு இல்லையென்றால், நீங்கள் கேட்ட அந்தக் கணக்கு தேவையில்லை. சாதாரண நடப்புக் கணக்கே போதும். இ.இ.எஃப்.சி.யில் வட்டி கிடையாது. ஒரு மாதம் சேர்ந்த டாலரில் செலவானது போக மீதியை அடுத்த மாத இறுதிக்குள் ரூபாயாக்கியே தீர வேண்டும். டாலருக்கான ரூபாய் விகிதம் ஏறும்வரை காத்திருக்கலாம் என்ற உங்கள் எண்ணம் அதனால் பலிக்காது.

கூகுள் காட்டும் விகிதத்தைவிடக் குறைவாக வரவாகிறது என்கிறீர்கள். பெரும்பாலும் காரணம் வங்கி தன் வாங்கும் விகிதத்தில் கழித்துக்கொள்ளும் லாபம்தான். அது கட்டணமாகத் தனியே தெரியாது.

இரண்டு வங்கிகளிடம் ஒரே நாளில், ஒரே நேரத்தில் ‘TT வாங்கும் விகிதம்’ (TT buying rate: வெளிநாட்டிலிருந்து கணக்குக்கு நேரடியாக வரும் டாலரை வங்கி வாங்கும் விகிதம்) கேளுங்கள். பழைய வாடிக்கையாளர் என்றால் பேரம் பேசுங்கள், தயங்கவே வேண்டாம். பணம் வரும் வழியில் இருக்கும் இடைநிலை வங்கி பிடிக்கும் தொகையையும் விசாரியுங்கள்.

நீங்கள் இந்தியாவில் வசிப்பவர் என்று வைத்தே சொல்கிறேன். வெளிநாடுவாழ் இந்தியருக்கு விதிகள் வேறு.