இறால் ஷெட்டில் வாந்திபேதி: இந்த மாதக் கடிதங்கள்

மண்டபத்திலிருந்து தொண்டி வரைக்கும் இறால் உரிக்கும் ஷெட், நண்டு கம்பெனிக்காரர்களின் கடிதங்கள்தான் இந்த முறை அதிகம். ஒரே கேள்வியை நாலு பேர் கேட்டிருந்தால் சேர்த்தே பதில் எழுதியிருக்கிறேன்.

ஷெட்டில் 12 பேருக்கு வாந்திபேதி. மதியச் சாப்பாடு காரணமா? (பாம்பன்)

எத்தனை மணிக்குச் சாப்பிட்டார்கள், எத்தனை மணிக்கு முதல் வாந்தி என்று எழுதவே இல்லையே, நான் எதை வைத்துச் சொல்வது? சாப்பிட்ட இரண்டு மூன்று மணி நேரத்தில் எல்லோரும் ஒன்றாக விழுந்தால் பெரும்பாலும் சாப்பாட்டில் ஊறிய நச்சு. ஒரு நாள் கழித்து ஒருவர் பின் ஒருவராக விழுந்தால் நோரோ மாதிரி வைரஸ். எதுவானாலும் ஓ.ஆர்.எஸ். (உப்பு-சர்க்கரைக் கரைசல்) கொடுங்கள், அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சொல்லுங்கள். மல மாதிரியையும் குடிதண்ணீர்த் தொட்டியின் மாதிரியையும் எடுத்த பிறகு தொட்டியைக் கழுவுங்கள். முதலில் கழுவிவிட்டுப் பிறகு என்னிடம் காரணம் கேட்காதீர்கள்.

வாசலில் சானிடைசர் வைத்திருக்கிறோம், போதுமா?

போதாது. நோரோ வைரஸ் அதற்குச் சரியாக மசியாது. சோப்பும் ஓடும் தண்ணீரும் வேண்டும்.

எல்லோருக்கும் கையுறை தருகிறோமே?

கழிப்பறைக்குப் போய்வந்த கையைக் கழுவாமல் மாட்டினால் கையுறையும் அழுக்குதான். சோப்பு, தண்ணீர்.

பேதியை ஷெட்டுக்குள் கொண்டுவந்த பெண்ணைக் கண்டுபிடித்து நிறுத்த என்ன டெஸ்ட் எடுக்கலாம்? (ஒரு ஷெட் உரிமையாளர்)

இந்தக் கேள்வி மாதாமாதம் வருகிறது, ஒவ்வொரு முறையும் எனக்குக் கோபம்தான் வருகிறது. 2020-இல் கானா நாட்டின் தேமா துறைமுகத்தில் ஒரு மீன் பதப்படுத்தும் ஆலையில் ஒரே ஆளிடமிருந்து 533 பேருக்குக் கொரோனா தொற்றியதாக அந்நாட்டு அதிபரே அறிவித்தார். சரி, அந்த ஒருவரைப் பிடித்திருந்தால் தீர்ந்ததா? அதே ஆண்டு ஜெர்மனியில் கூட்டர்ஸ்லோ பக்கத்து இறைச்சி ஆலையில் ஆயிரத்துக்கும் மேலானவர்களுக்குப் பரவியது. குளிரூட்டி அதே காற்றைத் திரும்பத் திரும்பச் சுற்றவிட்டதில் எட்டு மீட்டர் தள்ளி நின்றவருக்கும் தொற்று போனது. அதற்கப்புறம் அந்த அரசு என்ன செய்தது தெரியுமா? இறைச்சி வெட்டும் வேலையில் ஒப்பந்தக்காரர் மூலம் ஆள் வைப்பதையே 2021 ஜனவரி முதல் தடை செய்தது. வேலை வாங்கும் முறையில்தான் கோளாறு என்று அவர்களுக்குப் புரிந்தது.

நம்மூரில் கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. உரிக்காத நாளுக்குக் காசில்லை. சில வருடம் முன் ஒரு ஷெட்டைப் பார்க்கப் போனேன். ஒரு பெண் முந்தின இரவெல்லாம் பேதியாகிக் கண் குழிவிழுந்து, உட்கார்ந்து நண்டு உடைத்துக்கொண்டிருந்தார். ஏன் வந்தீர்கள் என்றேன். "வராட்டி பேரை எடுத்துருவாங்க சார்" என்றார். அந்த ஷெட்டில் எல்லோருக்கும் உடல்தகுதிச் சான்றிதழ் இருந்தது, யாரையும் யாரும் தொட்டுப் பார்க்காமலே.

பேதி நின்று 48 மணி நேரம் ஆகும்வரை உணவைத் தொடும் வேலை கூடாது. ஈ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டில் நோய்க்காலத்துக்குச் சம்பளத்தில் 70 சதவீதம் உண்டு, ஒப்பந்த ஆட்களுக்கும் பணம் கட்ட வேண்டியது நீங்கள்தான். ஆனால் வழக்கமாக முதல் இரண்டு நாளுக்கு அதில் காசு வராது, வாந்திபேதிக்கு வேண்டியதோ அந்த இரண்டு நாள்தான். அதை நீங்கள் கொடுங்கள். நீங்கள் கேட்கும் டெஸ்ட்டை விட அதற்குச் செலவு குறைவு.

வைடால் பாசிட்டிவ். டைபாய்டுதானே? (கீழக்கரை)

வைடால் என்ற ரத்தப் பரிசோதனையை மட்டும் நம்பாதீர்கள். பழைய தொற்றும் பாசிட்டிவ் காட்டும், முதல் வாரத்தில் உண்மையான டைபாய்டும் நெகட்டிவ் காட்டும். ஆன்டிபயாட்டிக் தொடங்கும் முன் பிளட் கல்ச்சர் (ரத்தத்தில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை). குணமானவர்களில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேர் கிருமியைச் சுமந்துகொண்டே இருப்பார்கள், அதனால் திரும்ப வேலைக்கு எடுக்கும் முன் மலப் பரிசோதனை. தடுப்பூசி இருக்கிறது, போடுங்கள்.

மஞ்சள்காமாலை வந்தவரை உடனே ஊருக்கு அனுப்பிவிட்டோம், இனிப் பயமில்லையே?

கண் மஞ்சளாவதற்கு இரண்டு வாரம் முன்பிருந்தே மஞ்சள்காமாலை வைரஸான ஹெபடைடிஸ் ஏ பரவியிருக்கும். கூட இருந்தவர்களை ஒன்றரை மாதம் கவனியுங்கள். தண்ணீரைக் கொதிக்க வைத்துக் கொடுங்கள். ஹெபடைடிஸ் ஈ என்றால் நிறைமாதக் கர்ப்பிணிக்கு உயிருக்கே ஆபத்து, கீழாநெல்லி கொடுத்துக் காத்திருக்க வேண்டாம், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

வாந்தி எடுத்த இடத்தை எப்படிக் கழுவுவது?

முதலில் துணியால் மூடி அள்ளுங்கள். பிறகு லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி ப்ளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றிப் பத்து நிமிடம் விடுங்கள். ஆசிட்டோடு கலக்காதீர்கள், நச்சுவாயு வரும். அள்ளியவர் கைக்கு, மறுபடி சொல்கிறேன், சோப்பு.

நண்டுக் கொடுக்கு குத்தி விரல் சிவந்து வலிக்கிறது. மற்றவருக்கு ஒட்டுமா?

பெரும்பாலும் ஒட்டாது. மருந்துக்கு நன்றாகக் கேட்கும். சர்க்கரையோ கல்லீரல் கோளாறோ உள்ளவருக்குக் காயத்தில் கடல் தண்ணீர் பட்டு வீங்கினால் மட்டும் அன்றைக்கே டாக்டர்.

விடுதியில் ஒரு பையனுக்கு மூன்று வாரமாக இருமல். ஒரே அறையில் 14 பேர். (தொண்டி)

மூன்று வாரமா? இரண்டு வாரத்திலேயே சளியைக் கொடுத்திருக்க வேண்டும். அரசு ஆஸ்பத்திரியில் டிபி பரிசோதனையும் மாத்திரையும் இலவசம். நாளைக் காலை அவரைக் கூட்டிப்போங்கள். இன்று ராத்திரி அந்த அறையின் ஜன்னலைத் திறந்து வையுங்கள்.