மலை இறக்கத்தில் அடங்காத 1969 கமாரோ: பெரிய டிஸ்க் போட்டால் தீருமா?

கேள்வி: டென்வரில் வசிக்கிறேன். என்னிடம் 1969 செவ்ரோலே கமாரோ இருக்கிறது. 350 கன அங்குல எஞ்சின், மூன்று கியர் ஆட்டோமேட்டிக், முன்னால் பழைய 11 அங்குல டிஸ்க், பின்னால் டிரம், 15 அங்குலச் சக்கரங்கள். முந்தைய உரிமையாளர் பெரிய கேம்ஷாஃப்ட் (எஞ்சின் வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு) போட்டிருக்கிறார். பைக்ஸ் பீக் மலை உச்சியிலிருந்து இறங்கும்போது பிரேக் பெடல் கல்லாக இறுகிவிட்டது. எவ்வளவு அழுத்தியும் வண்டி அடங்கவில்லை. வழியில் கிளென் கோவ் என்ற இடத்தில் பிரேக் சூட்டை அளந்து பார்த்து, ஆறும்வரை நிறுத்திவைத்தார்கள். முன்னால் 13 அங்குல டிஸ்க்கும் நான்கு பிஸ்டன் கேலிப்பரும் (டிஸ்க்கைக் கவ்வும் பகுதி) போடலாமா?

பதில்: போடலாம். ஆனால் அதற்கு முன் பார்க்க வேண்டியவை இருக்கின்றன.

"பெடல் இறுகிவிட்டது" என்று எழுதியிருக்கிறீர்கள். பாதி விடை அதிலேயே கிடைத்துவிட்டது. பெடல் பஞ்சு போல அமுங்கித் தரையைத் தொட்டிருந்தால், பிரேக் ஆயில் கொதித்து ஆவியாகிவிட்டது என்று சொல்லியிருப்பேன். இறுகியும் பிடிக்கவில்லை என்றால் இரண்டில் ஒன்று: டிஸ்க்கில் உரசிப் பிடிக்கும் பேட் சூட்டில் பிடிப்பை இழந்திருக்கிறது, அல்லது பெடலுக்குத் துணை செய்யும் பூஸ்டருக்கு வேண்டிய வெற்றிடம் கிடைக்கவில்லை. உங்கள் வண்டியில் இரண்டும் சேர்ந்தே நடந்திருக்கும் என்பது என் கணிப்பு.

முதலில் சூடு. உச்சி 14,115 அடி. கிளென் கோவ் சுமார் 11,400 அடி. இந்த 2,700 அடி இறக்கத்தில் வண்டி விடும் ஆற்றல், 100 கி.மீ. வேகத்திலிருந்து ஏறக்குறைய 20 முறை நிறுத்துவதற்குச் சமம். எஞ்சினும் காற்றும் தடுத்தது போக மீதி அத்தனையும் பிரேக்கில்தான் சூடாக இறங்குகிறது. கியரை 'டி'யிலேயே வைத்து இறங்கியிருந்தால் எஞ்சின் பெரிதாக எதையும் தடுத்திருக்காது. அடுத்த முறை உச்சியிலேயே முதல் கியருக்கோ இரண்டாம் கியருக்கோ மாற்றிவிட்டு இறங்குங்கள்.

அடுத்தது வெற்றிடம். பூஸ்டர் என்பது ஒரு பக்கம் வெளிக்காற்றின் அழுத்தமும் மறுபக்கம் எஞ்சின் உறிஞ்சும் வெற்றிடமும் கொண்ட ஒரு டப்பா. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் காலுக்குத் துணை நிற்கும் பலம். வழக்கமான பூஸ்டர் நன்றாக வேலை செய்ய 18 அங்குலப் பாதரச அளவு வெற்றிடம் வேண்டும். ஆயிரம் அடி ஏறினால் அதில் ஏறக்குறைய ஓர் அங்குலம் குறையும். பெரிய கேம்ஷாஃப்டால் வெற்றிடம் குறைந்து, எஞ்சின் கடல் மட்டத்தில் 12 அங்குலம் காட்டினால், டென்வரில் ஏழுதான் இருக்கும். மலை உச்சியில் வெளிக்காற்றே கடல் மட்டத்தில் இருப்பதில் அறுபது சதவீதம்தான். ஒரு வெற்றிட மானியை மேனிஃபோல்டில் (எஞ்சின் காற்றை உறிஞ்சும் குழாய்) செருகி, எஞ்சின் சூடான பிறகு ஐடிலில் அளந்து பாருங்கள். இதற்கு ஐந்து நிமிடம் போதும். இந்த அளவு தெரியாமல் டிஸ்க் வாங்க வேண்டாம்.

அளவு குறைவாக இருந்தால், உங்கள் ஊருக்கு நான் சொல்வது ஹைட்ரோ பூஸ்ட். அது பவர் ஸ்டீயரிங் பம்பின் அழுத்தத்தில் இயங்குவதால் எந்த உயரத்திலும் ஒரே மாதிரி உதவும். மின்சார வெற்றிடப் பம்பும் கிடைக்கிறது. ஆனால் மலைமேல் காற்றே மெலிந்திருக்கும்போது அதுவும் ஓரளவுக்குத்தான் கைகொடுக்கும்.

இனி நான்கு பிஸ்டன் கேலிப்பர். பிஸ்டன் எண்ணிக்கை கூடினால் பிடியும் கூடும் என்று பலர் நம்புகிறார்கள். எண்ணிக்கையை விட்டுவிட்டு ஒரு பக்கத்துப் பிஸ்டன்களின் பரப்பைப் பாருங்கள். உங்கள் பழைய கேலிப்பரில் இருக்கும் ஒற்றைப் பிஸ்டன் 2 15/16 அங்குலம். அதன் பரப்பு 6.8 சதுர அங்குலம். நான்கு பிஸ்டன் கேலிப்பரில் ஒவ்வொன்றும் 1.75 அங்குலம் என்றால், ஒரு பக்கத்து இரண்டும் சேர்ந்து 4.8தான். அதே பெடல் அழுத்தத்தில் பிடி சுமார் 30 சதவீதம் குறைகிறது. பெரிய டிஸ்க்கின் நெம்பு பலம் ஏறக்குறைய இருபது சதவீதத்தை மீட்டுத் தந்தாலும் கணக்கு நேராகாது. முன் பிரேக் தளர்ந்தால் பின் டிரம் முந்திக்கொண்டு சக்கரத்தைச் சுழலவிடாமல் பூட்டும். ஈரச் சாலையில் வண்டியின் வால் சுழன்றுவிடும். அதனால் செட் விற்பவரிடம் பிஸ்டன் விட்டத்தையும், அதற்குப் பொருந்தும் மாஸ்டர் சிலிண்டர் (பெடல் உதைப்பை ஆயில் அழுத்தமாக மாற்றுவது) அளவையும் கேட்டு வாங்குங்கள். 1 1/8 அங்குலச் சிலிண்டரை ஓர் அங்குலமாக மாற்றினால் அதே உதைப்பில் 27 சதவீதம் கூடுதல் அழுத்தம் கிடைக்கும். பெடல் சற்று ஆழமாக இறங்கும், அவ்வளவுதான்.

பெரிய டிஸ்க்குக்கு 17 அங்குலச் சக்கரமும் வேண்டும். பழைய டயரைப் பூட்டவைக்கும் பலம் பழைய பிரேக்குக்கே இருக்கிறதென்றால், ஒரே ஒரு முறை நிறுத்தும் தூரம் பெரிய டிஸ்க்கால் குறையாது. திரும்பத் திரும்ப வரும் சூட்டைத் தாங்குவதுதான் அது தரும் பலன். மலைப்பாதை ஓட்டும் உங்களுக்கு அந்தப் பலன் உண்மையானது; அதனால்தான் வேண்டாம் என்று சொல்லாமல் இருக்கிறேன்.

ஆனால் முதல் செலவு இதுவாக இருக்கட்டும்: நல்ல பேட், புதிய ரப்பர் ஹோஸ்கள், புதிய டாட் 4 ஆயில். பேட்டின் விளிம்பில் இரண்டு ஆங்கில எழுத்துகள் அச்சிட்டிருக்கும். இரண்டாவது எழுத்து சூட்டில் அதன் பிடிப்பைச் சொல்வது. 'ஈ' (E) என்றால் உராய்வு எண் 0.25 முதல் 0.35 வரை, 'எஃப்' (F) என்றால் 0.35 முதல் 0.45 வரை. ஐம்பதாண்டு பழைய ஹோஸ் வெளியே பளபளப்பாக இருந்தாலும் உள்ளே வீங்கி வழியை அடைத்திருக்கும். சிலிகான் டாட் 5 ஆயில் வேண்டாம். பழைய ஆயிலோடு அது கலக்காது.

கேலிப்பரை மாட்டும்போது ஒன்றைக் கண்ணால் பாருங்கள். காற்று எடுக்கும் பிளீடர் திருகு கேலிப்பரின் உச்சியில் இருக்க வேண்டும். ஒரு வண்டியில் மூன்று நாள் காற்று எடுத்தும் பெடல் பஞ்சாகவே இருந்தது. குனிந்து பார்த்தால் இரண்டு திருகுகளும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தன. இடது கேலிப்பர் வலதிலும், வலது இடதிலும் மாட்டப்பட்டிருந்தது. காற்று மேலேயே தங்கியிருக்க, கீழ்த்திருகு வழியாக ஆயில் மட்டும் வந்துகொண்டிருந்தது.

எல்லாம் முடிந்ததும் காலியான வாகன நிறுத்தத்துக்கு ஒரு நண்பருடன் போங்கள். 40 கி.மீ. வேகத்தில் ஓங்கி மிதியுங்கள். பக்கவாட்டில் தள்ளி நிற்பவர் எந்தச் சக்கரம் முதலில் பூட்டுகிறது என்று பார்க்கட்டும். பின் சக்கரம் முந்தினால், பின் பிரேக் குழாயில் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கப் பொருத்திய வால்வை ஒரு சுற்றுக் குறைத்துவிட்டு மறுபடி மிதியுங்கள். முன் சக்கரங்கள் முந்தும்வரை மலைப்பக்கம் போக வேண்டாம்.